மூங்கில் தூண்டிற்கோல் சீரமைப்பு

மூங்கில் தூண்டிற்கோல் சீரமைப்பு என்பது, செயற்கை ஈயை இரையாகக் கட்டி மீன்பிடிக்கப் பயன்பட்ட பழைய கோலை அதன் பழமை கெடாமல் காட்சிக்கு ஏற்றதாக்கும் பணியாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரம் லெனார்டு முதலிய அமெரிக்கக் கைவினைஞர்கள் ஆறு மூங்கில் கீற்றுகளை ஒட்டி அறுகோண வடிவில் இக்கோல்களைச் செய்தனர். பின்னர் தென்சீனாவின் டோன்கின் மூங்கில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த தடையாலும், கண்ணாடியிழைக் கோல்களின் பரவலாலும் இத்தொழில் நலிந்தது.

சீரமைப்பில் முதல் விதி, தேவைக்கு மேல் கை வைக்காமை. மூங்கிலின் வலிய நார்கள் வெளிப்புறத்திலேயே செறிந்திருப்பதால் உப்புத்தாளால் தேய்த்தால் கோல் வலுவிழக்கும். பழைய வார்னிஷைச் சுரண்டினால், அதனடியில் மையால் எழுதிய தயாரிப்பாளரின் பெயரும் அழியக்கூடும். கோல் யாருடையது என்பதற்கு அதுவே முதன்மைச் சான்று. எனவே மென்துணியால் தூசு துடைத்து, அறுந்த இடங்களில் மட்டும் பட்டுநூல் சுற்றுவர். வார்னிஷ் பட்டால் நூலின் நிறம் கருக்கும். ஆதலால் முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பார்ப்பர். உலோகப் பூண்களைப் பளபளப்பாக்குவதில்லை.

காட்சிக்கு வைக்கும்போது வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பல தாங்கிகளின் மேல் கிடத்த வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த கோல் நாளடைவில் வளைந்துவிடும்.