நிவாரண அரிசியோடு ஒரு பிடி இலை

நிவாரணமாகக் கிடைக்கும் அரிசி, கோதுமை மா, பருப்பு என்பன பசியைத் தீர்க்கும். ஆனால் பிள்ளைகள் நன்றாக வளர இலைக்கறியும் வேண்டும். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றில் ஒன்றைத் தினமும் சமையுங்கள். முருங்கை இலையைப் பருப்புடன் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்து, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அச்சத்துக் குறைவாகவே சேரும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கையில் சிறிது பணம் இருந்தால், சீனியைக் குறைத்து நெத்தலிக் கருவாடு வாங்குங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் இலை பறிக்கச் செல்ல வேண்டாம். துப்புரவாக்கப்பட்ட உங்கள் வளவில் முருங்கைத் தடி ஒன்றை நட்டுவிடுங்கள். சில மாதங்களில் இலை வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.