ஒரு சாண் இடைவெளி

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று போலீஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் நிறுத்துகிறார்கள். 1988-ல் திறந்த பாலம், நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், கீழே நீலமும் பச்சையுமாகக் கடல். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் வந்தபின், அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைப் படம் பிடிக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. முன்னால் போகிற கார் சட்டென்று ஓரம் கட்டும். பின்னால் வருகிறவர் பிரேக்கை மிதித்து நிறுத்துவார். மோதல் இல்லை, கீறல் இல்லை, இரண்டு வசவோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த நொடியில் காருக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு டிரைவரின் காலடிக்கு வந்திருக்கும். ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் வாங்கிய சங்கு சீட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்கும். ஐந்து லிட்டர் தீர்த்தக் கேன் சாய்ந்து மூடி கசிந்திருக்கும். இதெல்லாம் வெறும் பிரேக் செய்த வேலை. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் உள்ள கார் அழுத்திப் பிரேக் போட்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வேகம் குறைகிறது. ரெக்ஸின் சீட்டின் மேலோ பிளாஸ்டிக் மிதியடியின் மேலோ இருக்கும் பொருளைப் பிடித்து நிறுத்த உராய்வு மட்டும்தான் உண்டு. அது அந்த அளவில் ஏறத்தாழ பாதியைத்தான் தாங்கும். மீதிக்குப் பொருள் நகர்ந்தாக வேண்டும். உருளக்கூடிய பாட்டிலுக்கு அந்தப் பிடிப்பும் கிடையாது. அது பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் கீழே இறங்காது.

பிரேக் இப்படியென்றால் மோதல் எப்படி?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அசையாத சுவர் ஒன்றில் நேராக மோதுகிறது, அதன் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகம் 60 சென்டிமீட்டருக்குள் பூச்சியமாக வேண்டும். ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணக்குப் போட்டால் காரின் வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பைப் போலச் சராசரியாகப் பதினாறு மடங்கு. உச்சத்தில் இன்னும் கூடும். பத்துக் கிலோ குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், அந்த நேரத்தில் 160 கிலோவுக்கு நிகரான இழுப்பைக் கையால் தாங்க வேண்டும். பயில்வானாலும் முடியாது.

‘பொருளின் எடை பதினாறு மடங்காகும்’ என்ற இந்தக் கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. காரோடு சேர்த்துக் கட்டிய பொருளுக்குத்தான் இந்தப் பதினாறு பொருந்தும். அது காரோடு சேர்ந்து, கார் நசுங்கும் அந்த 60 சென்டிமீட்டரைத் தானும் பயன்படுத்திக்கொண்டு நிற்கிறது. கட்டாத பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. கார் நின்றுகொண்டிருக்கும்போதும் அது பழைய வேகத்திலேயே போகிறது. எதில் போய் இடிக்கிறதோ அதற்கும் தனக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதுதான், எந்த வேகத்தில் இடிக்கும் என்பதை முடிவு செய்கிறது.

மேலே சொன்ன அதே மோதலை வைத்தே பார்ப்போம். முன் சீட்டின் முதுகுக்கும் பின்னால் வைத்த பெட்டிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தால், பெட்டி மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் சீட்டில் இடிக்கும். ஒரு சாண் இருந்தால் 30. ஒரு முழம் இருந்தால் 43. 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் முழு 50. அதற்குள் கார் அடியோடு நின்றுபோயிருக்கும், பெட்டி மட்டும் பயணத்தைத் தொடரும். இடைவெளியே இல்லாமல் சீட்டோடு ஒட்டி வைத்திருந்தால்? சீட்டு காரோடு சேர்ந்து நிற்கும், பெட்டி சீட்டோடு சேர்ந்து நிற்கும். அழுத்தம் இருக்கும், அடி இருக்காது. பெட்டி அதே பெட்டிதான், எடையும் அதேதான்.

ராமேசுவரத்து மீனவர்களுக்கு இதை யாரும் பாடமாக நடத்தத் தேவையில்லை. விசைப்படகில் ஐஸ் பெட்டிக்கும் டீசல் கேனுக்கும் நடுவில் விரல் நுழையும் இடம் விட்டாலும், கச்சான் காற்று தூக்கிப் போடும் அலையில் ஒன்று மற்றொன்றை உடைத்துவிடும். அதனால் சந்து தெரிந்தால் வலையைத் திணிக்கிறார்கள், இல்லையென்றால் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். அதே வீட்டுப் பிள்ளை கரையில் காரெடுத்தால் டிக்கியில் எல்லாம் தாராளமாக உருளும்!

யாத்திரைக்கு வருகிறவர்களின் சுமை தனி ரகம். கார்த்திகை, மார்கழியில் மதுரையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் போதும். இன்னோவா, எர்டிகா, டிராவலர் என்று எதை எடுத்தாலும் பின் கண்ணாடி வழியாக வெளிச்சம் தெரியாது. காசியிலிருந்து அபிஷேகத்துக்குக் கொண்டுவந்த கங்கைச் சொம்பு, திரும்பிக் கொண்டுபோகக் கடற்கரை மணல் மூட்டை, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய ஈரத் துணி, சமையலுக்கு அரிசி, குண்டான், அடுப்பு. ஊர் திரும்பும்போது ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, ஒரு மூட்டை குண்டு மிளகாய், பாம்பன் கருவாடு. இவற்றில் கருவாடு ஒன்றைத்தான் எல்லாரும் மூன்று கவரில் சுற்றி முடிச்சுப் போட்டு அசையாமல் வைக்கிறார்கள். நாற்றத்துக்கு இருக்கிற மரியாதை எடைக்கு இல்லை.

டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் சீட்டின் முதுகு இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்கும், ஓர் எல்லை வரை. சீட்டுகளுக்கான ஐ.நா. வாகன விதி, எண் 17, இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது. 18 கிலோ கட்டைகள் இரண்டை டிக்கியில் வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் மோதலுக்கு நிகராகக் காரை நிறுத்துகிறார்கள். கட்டைகளுக்கும் சீட்டு முதுகுக்கும் நடுவில் விடும் இடைவெளி 20 சென்டிமீட்டர், அதாவது நம் சாண்தான். 25 கிலோ அரிசி மூட்டையும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் சேர்ந்தாலே அந்த 36 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஏழு சீட்டு வண்டியில் நிலைமை இன்னும் மோசம். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பது குறுகிய பள்ளம். அதில் அடங்காத மூட்டைகள் சீட்டு முதுகின் உச்சியைத் தாண்டி, உட்கார்ந்திருப்பவர்களின் பிடரிக்கு நேராக ஏறி நிற்கின்றன. அங்கே தடுக்க எதுவுமே கிடையாது. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதி நட்சத்திரம் வாங்குகிறது. காரை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் அது. நாம் ஏற்றிய சுமைக்கு யாரும் நட்சத்திரம் தரவில்லை.

ஆகவே கனமானதெல்லாம் கீழே, டிக்கியின் தரையில், பின் சீட்டு முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். இலேசானவை அதற்கு மேல். சீட்டு முதுகின் உச்சிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது. மிஞ்சும் சந்துகளை அடைக்க ஈரத் துணி மூட்டையைவிடச் சிறந்த சாமான் இல்லை, அதுதான் இந்த ஊரில் எல்லா வண்டியிலும் இருக்கிறதே! பின் சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பெல்ட்டுகளை மாட்டிவிடுங்கள், சீட்டு முதுகுக்கு அது கூடுதல் பிடி. டிக்கித் தரையில் பல கார்களில் சிறு கொக்கிகள் இருக்கும், நைலான் கயிற்றை அவற்றில் கோத்துக் கட்டலாம். பைக்கில் பயன்படுத்தும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது. அது நீளும், நீண்டால் இடைவெளி தானாகப் பிறந்துவிடும். சங்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டு முன் சீட்டின் பின்புறக் காலடியில் வைத்தால் போதும். கூரான முனையுள்ள கெட்டிப் பொருள் படும் இடம் சிறியது, அதனால் அழுத்தம் பெரிது. ஒரு கிலோ கருப்பட்டிக் கொட்டான் முதுகில் விழுவதும் ஒரு கிலோ சங்கு விழுவதும் ஒன்றல்ல.

சமையல் சிலிண்டரைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து தென்னாட்டுக் கோயில்களுக்கு யாத்திரை வந்தவர்கள், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர். அங்கே மோதலே நடக்கவில்லை. முப்பது கிலோ சிலிண்டர் மோதலின்போது வண்டிக்குள் உருண்டால் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து நோயாளியைச் சொந்தக் காரில் மதுரைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்போது வாடகை ஆக்சிஜன் சிலிண்டர் சீட்டுகளுக்கு நடுவே சும்மா படுத்திருக்கும். நிரப்பிய சிலிண்டருக்குள் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அளவில் அழுத்தம் இருக்கிறது. அதன் வால்வு முறிந்தால் சிலிண்டரே ஏவுகணையாகிவிடும். ஐரோப்பிய ஆம்புலன்ஸ் தரத்தில், உள்ளே இருக்கும் கருவி எதுவானாலும் அதன் எடையைப் போலப் பத்து மடங்கு விசையைத் தாங்கும்படி பொருத்தியிருக்க வேண்டும். வாடகைக் காரில் அதைச் செய்ய முடியாது. எனவே 108-ஐ அழைப்பதே சரி.

காருக்குள் கட்டாமல் விடும் பொருள்களிலேயே கனமானது மனிதர்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு அருகே பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும், அவரோடு பின் சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன் சீட்டில் பெல்ட்டோடு இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் என்பதும் இடைவெளியை ஒழிக்கும் ஏற்பாடுதான். பின் சீட்டில் பெல்ட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரின் முதுகில் அறுபது கிலோ வந்து மோதும் என்பது அதைவிட நல்ல காரணம்.

டேஷ்போர்டுச் சாமிக்கு வருவோம். பித்தளைப் பிள்ளையாரோ, வேளாங்கண்ணி மாதாவோ, ஏர்வாடியில் வாங்கிய கண்ணாடிச் சட்டமோ, இரட்டைப் பசை டேப்பில் நிற்காத கார் இந்தப் பக்கம் குறைவு. 2021-க்குப் பிறகு வந்த கார்களில் முன்பக்கம் இரண்டு பேருக்கும் காற்றுப்பை கட்டாயம். இடப்பக்கப் பயணியின் காற்றுப்பை, சாமி நிற்கும் அதே பலகைக்கு அடியில்தான் மடங்கிக் கிடக்கிறது. மோதிய சில நூறில் ஒரு பங்கு விநாடிக்குள், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பலகையைப் பிளந்துகொண்டு வரும். மேலே இருப்பது எதுவானாலும் அதே வேகத்தில் பயணியின் முகத்துக்குப் போகும். இதைச் சொன்னால் டிரைவர்கள், “சாமிய எடுக்கச் சொல்றீங்களாண்ணே?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். எடுக்க வேண்டாம். ‘ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும் பகுதியை விட்டு நடுப்பக்கத்துக்கு மாற்றினால் போதும், அங்கேயும் கனமான சிலை வேண்டாம், சிறு படமாக இருக்கட்டும்.

கடைசியாக, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் சாமான்கள். இங்கே இரண்டு தேவைகள் முட்டிக்கொள்கின்றன. அசையவும் கூடாது, அவசரத்தில் கைக்கு எட்டவும் வேண்டும். தீயணைப்பான் முன் சீட்டுக்கு முன்னால், திருகாணி போட்ட உலோகப் பட்டைக்குள் இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் சும்மா செருகி வைத்த தீயணைப்பான், பாட்டிலைப் போலவே பெடலுக்கு வந்து சேரும். பெல்ட்டை அறுக்கும் கத்தியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்து பயனில்லை, முன்பகுதி நசுங்கினால் அந்தப் பெட்டி திறக்காமல் போகலாம். டிரைவர் சீட்டின் பக்கவாட்டில், தலைகீழாகத் தொங்கினாலும் கைபடும் இடத்தில் பொருத்துங்கள். அந்தச் சுத்தி பக்கக் கண்ணாடியைத்தான் நொறுக்கும். நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய முன் கண்ணாடி விரிசல் விடுமே தவிர வழிவிடாது. எச்சரிக்கை முக்கோணம் வேண்டியிருக்கும் நேரத்தில் அது மூட்டைகளுக்கு அடியில் இருக்கும். எல்லாச் சாமானையும் ஏற்றிய பிறகு கடைசியாக, பின்கதவைத் திறந்ததும் கையில் படுகிற மாதிரி அதைக் கட்டி வையுங்கள்.

கடலோர வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை, உப்பு. ஜாக்கியைப் பிடித்திருக்கும் திருகு துருவில் இறுகிவிடும். ஒருமுறை டயர் மாற்றியவர் அதை மறுபடி பூட்டுவதற்குப் பொறுமையில்லாமல் ஜாக்கியையும் ஸ்பானரையும் டிக்கியில் எறிந்துவிட்டுப் போவார், அவை அங்கேயே வருடக்கணக்கில் உருளும். கொஞ்சம் கிரீஸ் தடவினால் திருகு இளகும். உடைந்தே போயிருந்தால் இரண்டையும் சாக்கில் இறுக்கிச் சுற்றி, ஸ்டெப்னியின் நடுக்குழியில் வைத்து, மேலே தரைப் பலகையைப் போட்டு மூடிவிடலாம்.