கிற்றார் மிதியும் வீட்டுக் கிணறும்

மேடையில் மின்கிற்றார் வாசிப்பவரின் காலடியில் சிறியதோர் உலோகப் பெட்டி கிடப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அதன் பொத்தானைப் பாதத்தால் அழுத்தியதும், அதுவரை தெளிவாக ஒலித்த தந்தி கரகரத்து, நீண்டு, கொம்போசை போல எழும். ‘பெடல்’ என்று கடைகளில் வழங்கும் இந்த மிதிப்பெட்டி வெளிநாட்டிலிருந்து வருவது. 2022இல் டொலர் ஒன்றின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபின், இத்தகைய பொருள்கள் எளியவர் கைக்கு மேலும் எட்டாதவையாயின. ஆயினும், கல்முனையிலோ மருதமுனையிலோ வானொலிப் பெட்டி திருத்தும் கடையில் பற்றாசு பிடிக்கப் பழகிய இளைஞனுக்கு இதைச் செய்வது அரிதன்று.

இவ்வொலி பிறந்தது ஒரு பழுதினால் என்பது வியப்புக்குரியது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ என்ற அமெரிக்கப் பாடலில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றாரின் ஒலி, ஒலிப்பதிவுக் கருவியின் பழுதுற்ற பகுதியூடாகச் சென்று கரகரத்துப் பதிவாயிற்று. அது பலருக்கும் பிடித்துவிட்டது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்க முனைந்தார். 1962இல் ‘மேஸ்ட்ரோ’ என்ற பெயரில் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். தந்தி தரும் மின்னலை, கடலலை போல் வளைந்து ஏறி இறங்குவது. டிரான்சிஸ்டர் அதனைப் பன்மடங்கு பெருக்குகிறது. ஆனால் பற்றரியின் வலு 9 வோல்ற்றே. அந்த எல்லையை முட்டியதும் அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிறது. தட்டையான அலையில் மேற்சுரங்கள் பல கலந்து ஒலிக்கும்; காது அதையே கரகரப்பு என்கிறது.

1966இல் லண்டனில் வெளிவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ மிதியின் சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு திருகுகள், ஆகப் பதினொரு உறுப்புகளே இருந்தன. முதலில் பயன்பட்ட ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வெப்பம் கூடினால் குணம் மாறும். நமது கரையோர வெயிலுக்குச் சிலிக்கனே ஏற்றது. பேஸ் கிற்றாருக்காயின், அலை புகும் வழியிலும் வெளிவரும் வழியிலும் உள்ள கண்டென்சர்களைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். இன்றேல் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும்.

சுற்றைத் தாங்கும் பலகையை வீட்டிலேயே செய்வதுதான் சுவையான பகுதி. செம்புத் தகடு ஒட்டிய பலகையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, லேசர் அச்சில் எடுத்த படத்தை அதன்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கரிய மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டு மெல்ல அசைக்க வேண்டும். மை மூடாத செம்பு கரைந்துபோக, மூடிய கோடுகள் எஞ்சும். தட்டு பிளாஸ்டிக்காக இருத்தல் வேண்டும். உலோகத் தட்டையும் அது அரித்துவிடும். துணியில் பட்ட கறை போகாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

வேலை முடிந்ததும் அந்தக் கரைசலை என்ன செய்வது? கொல்லையில் ஊற்றிவிடத்தான் பலருக்கும் தோன்றும். அதைப்போல் தவறு வேறில்லை. கரைந்த செம்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது. கல்முனைக் கரையோரம் மணற்பாங்கானது. ஊற்றுநீர் ஆழமில்லாமலே கிடைப்பதும், ஊற்றியது விரைவில் கிணற்றைச் சேர்வதும் அந்த மணலால்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்து கிணறுகள் உவர்த்தபோது, நல்ல நீருக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இதை நன்கறியும். அன்று புகுந்தது உப்பு. மழை அதைக் கழுவியது. செம்போ மண்ணிலேயே பற்றித் தங்கும்.

கரைசல் ஒருமுறையுடன் தீர்ந்துவிடுவதன்று. மூடிய பிளாஸ்டிக் போத்தலில், சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்துப் பலகைகள் பலவற்றுக்குப் பயன்படுத்தலாம். வலு குன்றியபின், திறந்த வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கும், ஆதலால் அவசரம் கூடாது. நுரை அடங்கியதும் செம்பும் இரும்பும் சேறாகப் படியும். அந்தச் சேற்றை உலரவிட்டுச் சீமெந்துடன் குழைத்துக் கட்டியாக்கிய பின்னரே அப்புறப்படுத்துவர். மேலே தெளிந்த நீரையும் கிணற்றருகே கொட்டலாகாது.

இனி எஞ்சுவது துளையிட்டு உறுப்புகளைப் பொருத்துவதே. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடுமாதலால், பற்றாசு வைத்து முடிந்ததும் கோடுகளின்மேல் வார்னிஷ் பூசுவது நன்று. வாசித்து முடிந்தவுடன் கிற்றார் வயரைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான மிதிகளில் அந்த வயர் செருகும் துளையே பற்றரியின் சுவிட்சும் ஆகும்.