பாட்டரி மேல் பழி போடாதீர்கள்

எங்கள் நீலசந்திராவில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான வண்டிகள் தெருவோரம்தான் நிற்கும். பெங்களூரின் மழை, ஈரக்காற்று, எலிகள் என எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பழைய வண்டிகளுக்கு வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் மின்சாரக் கோளாறுதான் என்பது என் அனுபவம்.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் 1998ஆம் ஆண்டு மாடல் மாருதி 800 வைத்திருக்கிறார். மாருதி 800 வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது என்றாலும், கையில் இருப்பதை விட மனம் வராதவர்கள் நம்மில் பலர் உண்டல்லவா? ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவருடைய தாயாருக்கு மூச்சுத் திணறல். அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவில்லை. நல்ல வேளையாக ஆட்டோ ஒன்று கிடைத்தது. அம்மா பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் நண்பர் என்னிடம் வந்து, "சார், மூணு மாசத்துக்கு முன்னாடிதான் புது பாட்டரி போட்டேன். மெக்கானிக் இப்போ செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்கிறார்" என்று வருத்தப்பட்டார்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பது ரயில்வேயில் நான் கற்ற முதல் பாடம். எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில், வண்டி ஓடாமல் நிற்கும்போது பாட்டரியின் இரு முனைகளிலும் அளந்தேன். 12.5 வோல்ட் காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஆன பாட்டரி சுமார் 12.6 காட்டும், 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி என்று பொருள். ஆகவே இது நல்ல நிலைதான்.

இரண்டாவதாக, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நண்பரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த நேரத்தில் பாட்டரியில் 11.2 வோல்ட். பாட்டரி பலவீனமானது என்றால் இந்தச் சமயத்தில் 9.6க்கும் கீழே சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. அப்படியானால் பாட்டரி கொடுக்கத் தயார். வாங்க வேண்டிய மோட்டாருக்கு வழியில் ஏதோ தடை இருக்கிறது.

இங்கேதான் ரயில் நினைவுக்கு வந்தது. மின்சார ரயிலுக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது. வந்த மின்சாரம் திரும்பிப் போகவும் ஒரு பாதை வேண்டும். தண்டவாளமும் அந்தப் பாதையில் ஒன்று. தண்டவாள இணைப்புகளில் உள்ள பாண்ட் கம்பி தளர்ந்தால் தொல்லைதான். காரிலும் இதே கதை. போகும் வழிக்குத்தான் ஒயர். திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் ஒரு கனத்த எர்த் இணைப்பு அவசியம். ஒயரைப் பார்க்கும் நாம் இந்தத் திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது அளவை அங்கே எடுத்தேன். மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் நெகட்டிவில், மறுமுனை எஞ்சினின் சுத்தமான இரும்பில். சாவியைத் திருப்பியபோது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 2.8 காட்டியது. கள்ளன் அகப்பட்டான்! எர்த் கேபிளை முறுக்கியிருந்த போல்ட்டின் அடியில் துரு. நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் 0.03 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். புது பாட்டரி போடும்போது கேபிளை அசைத்ததால் சில வாரம் ஓடியிருக்கிறது. மெக்கானிக்கும் பாட்டரிதான் காரணம் என்று நம்பிவிட்டார்.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி கிளம்பியது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 14.1 வோல்ட். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டரும் நலம். செலவு, ஒரு உப்புத்தாள்.

இதே எர்த் கோளாறு வேறு வேடங்களிலும் வரும். இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? ஹெட்லைட் ஒன்று மட்டும் மங்கலா? பல்பை மாற்றுமுன் அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் தாளையோ வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 55 வாட் பல்பு இரண்டுக்கு 9 ஆம்பியர்தான் தேவை. ஆனால் எங்கோ எலி கடித்த ஒயர் இரும்பில் பட்டால் அதைப் போலப் பல மடங்கு ஓடும். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். பிறகு வண்டியே எரியும். ஃபியூஸ் போவது நோயல்ல, நோயின் அறிகுறி.

கையை வைக்குமுன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால், பாசிட்டிவை முறுக்கும் ஸ்பானர் தவறி பாடியில் படும்போது பெரிய தீப்பொறி பறக்கும்.

பொங்கலுக்கும் ஆடிக்கும் குடும்பத்தோடு ஓசூரைத் தாண்டி ஊருக்குக் கிளம்பும் அன்பர்களே, டயருக்குக் காற்றுப் பிடிக்கும் அன்றைக்கே இந்த மூன்று அளவையும் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நண்பரின் தாயார் இப்போது மாலை வேளைகளில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வண்டிக்கு உடம்பு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்பார்கள். "உங்களைப் போலவே நல்லா இருக்கு அம்மா" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.