வளர்ந்த இகுவானா வீடு மாறும்போது

இகுவானா என்னும் பச்சைப் பேரோந்தியின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். அங்கே அது மரத்தின்மேல் வெயில் காய்ந்து, இலை தின்று வாழ்கிறது. நம் நகரங்களிலும் சிலர் இதை வளர்க்கிறார்கள். ஒரு சாண் குட்டியாக வாங்கியது சில ஆண்டுகளில் வாலோடு சேர்த்து ஐந்தடியாகிவிடும். பிறகு இடம் போதாமல் வேறொருவரிடம் தந்துவிடுவார்கள். தில்லியில் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த ஒன்றைப் பழக்கியதில் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

புது இடத்தில் அது சில நாள் பட்டினி கிடக்கும். பயந்துபோய் வாயைத் திறந்து ஊட்டக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது சூடு. இகுவானாவின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. சூடு குறைந்தால் தின்றதும் செரிக்காது. வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரவில் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. தில்லி ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் இது நடக்காது. ஹீட்டர் கூண்டுக்கு மேலே, அதன் உடம்பு படாத தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பு சுண்ணாம்புச் சத்தை ஏற்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே அதற்கான தனி விளக்கோ, பாதி நிழலுள்ள கம்பிக் கூண்டில் காலை வெயிலோ தேவை.

மூன்றாவது உயரம். நம் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கிளை அமையுங்கள். பழைய வீட்டுக் கிளையும் தட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. இதன் உச்சந்தலையில் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண் உண்டு. மேலிருந்து கை நீட்டினால் பருந்து என்றே நினைக்கும். குழந்தைகளைப் பக்கவாட்டிலிருந்து, மெதுவாக அணுகச் சொல்லுங்கள். தொண்டைத் தோலை விரித்துத் தலையை ஆட்டினால் விலகிவிடுங்கள், அடுத்தது வாலடிதான். வாலைப் பிடித்து இழுத்தால் முறிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் தூக்காதீர்கள். தினமும் அதே நேரத்தில் அருகில் உட்கார்ந்து பேப்பர் படித்தாலே போதும். முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ, துருவிய பூசணி வையுங்கள். பசலைக்கீரை எப்போதாவது போதும். இறைச்சி, முட்டை வேண்டாம். தும்மும்போது வெள்ளைப் பொடி தெறித்தால் ஜலதோஷம் அல்ல, உடம்பிலுள்ள உப்பை வெளியேற்றுகிறது. ஆனால் சூடு சரியாக இருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் தின்னாவிட்டால், கால் நடுங்கினால், தாடை வீங்கினால், ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்; சால்மொனெல்லா கிருமி இதனிடம் இருக்கக்கூடும். சமையலறைக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். நன்கு வளர்த்தால் இகுவானா 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். வாங்கிக்கொள்ளுமுன் அத்தனை ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்துச் சம்மதியுங்கள். மறுபடி ஒரு வீடு மாறுவது அதற்கு எளிதல்ல.