கிணற்று நீரும் தொட்டி மீனும்

உதியன்குளங்கரை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில் வண்ணமீன் வளர்ப்போர் பலர் உண்டு. விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள் கொளத்தூரில் நல்ல சிக்லிட் மீனாகப் பார்த்து, பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து ரயிலில் கொண்டு வருகிறார்கள். அங்கே பளபளவென்று இருந்த மீன் இங்கே ஒரு மாதத்தில் மங்கிப்போய் மூலையில் ஒதுங்குகிறது. உடனே "என்ன மருந்து ஊற்றலாம்?" என்ற கேள்வி வருகிறது. மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

சென்னையின் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினநீர். கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் பூமியில் தோண்டிய கிணறு அப்படியல்ல. சோப்பு கொஞ்சம் போட்டாலே நுரை தள்ளும், பாத்திரத்தில் படிவு இராது. இது மென்னீர். சற்றே அமிலத்தன்மையும் உண்டு, பி.எச். அளவு ஏழுக்குக் கீழேதான் பெரும்பாலும் நிற்கும்.

நமக்குக் குடிக்கச் சுகமான இந்த நீர் எல்லாச் சிக்லிட்டுக்கும் சுகமானதல்ல. அமேசான் பகுதியைச் சேர்ந்த ஏஞ்சலுக்கும் டிஸ்கசுக்கும் இது சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பி.எச். எட்டை ஒட்டியிருக்கிறது. அந்த ஏரியின் நீலமும் மஞ்சளுமான மீன்களை நம் கிணற்று நீரில் விட்டால் நிறம் எப்படி நிற்கும்? ப்ளவர்ஹார்னுக்கும் ஏழுக்குக் கீழே இறங்குவது நல்லதல்ல.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. கக்கா ஓட்டை நன்றாகக் கழுவி, நொறுக்கி, ஒரு துணிப்பையில் கட்டி பில்டருக்குள் வையுங்கள். ஓட்டிலுள்ள சுண்ணச்சத்து மெல்லக் கரைந்து நீரைத் திடப்படுத்தும். "சுண்ணாம்புதானே" என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கிவிடாதீர்கள். பி.எச். ஒரேயடியாக ஏறி, மீன் அன்றைக்கே செத்துப்போகும். ஏஞ்சல், டிஸ்கஸ் தொட்டிக்குக் கக்கா ஓடு தேவையில்லை. மலாவி மீனையும் டிஸ்கசையும் ஒரே தொட்டியில் விடுவது, எந்தக் கடைக்காரர் சொன்னாலும், கூடாது.

மழைக்கு முன்பும் வெள்ளம் வடிந்த பின்பும் இங்கே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் உண்டு. அந்த நாட்களில் கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குளோரின் மீனின் செவுளைக் கருக்கிவிடும். குழாய்த் தண்ணீரானால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

இனி வீடு, அதாவது தொட்டி. ஆஸ்கார் ஒரு அடி வரை வளரும் மீன். அதைக் கண்ணாடிக் குடுவையில் வைப்பது குழந்தையைத் தகர டப்பாவில் வளர்ப்பது போல. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் கொள்ளும். ஒரு ப்ளவர்ஹார்னுக்கோ, ஒரு ஜோடி ஆஸ்காருக்கோ அது சரி. புதுத் தொட்டியில் ஒரே நாளில் மீனை நிரப்பாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் நுண்ணுயிர்கள் பில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தால் அந்த நுண்ணுயிர்கள் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் போதும். வாரம் ஒரு முறை கால்வாசி நீர் மாற்றுங்கள். மென்னீரில் இது இன்னும் அவசியம். அழுக்குச் சேரச் சேர அமிலம் ஏறும். தடுத்து நிறுத்தச் சுண்ணச்சத்தும் இராது.

தீனி விஷயத்தில் நம்மவர்களுக்குக் கை தாராளம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை அல்லவா! தொட்டி மீனுக்குப் பொரியும் இட்லியும் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. மலாவி மீன்களில் பாறைப்பாசி தின்னும் இனங்களுக்கு இறைச்சித் தீனி ஆகாது. வயிறு உப்பிச் சாகும். அவற்றுக்கு ஸ்பைருலினா கலந்த தீனி, வேகவைத்த கீரை, பட்டாணி கொடுக்கலாம்.

சிவப்பு, ஆரஞ்சு நிறச்சத்தை மீன் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் அது வர வேண்டும். சந்தையில் கழித்துப் போடும் இறால் தலையும் ஓடும் அந்தச் சத்து நிறைந்தவை. வேகவைத்து அரைத்து, இறால் சதையோடு சிறிது கொடுங்கள். விலை கூடிய 'கலர் தீனி' டப்பாக்களில் இருப்பதும் ஏறக்குறைய இந்தச் சத்துதான். ப்ளவர்ஹார்னின் தலை புடைத்தால் வீட்டில் காசு சேரும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து காசு சேர்வது விற்கிறவருக்குத்தான். அந்தப் புடைப்பு பெரும்பாலும் பிறவியில் வருவது. தீனியைத் திணித்தால் ஈரலில் கொழுப்புதான் ஏறும்.

ஆடி மழையில், இங்கத்துக் கர்க்கடகத்தில், நீர் சட்டென்று குளிரும்போது வெள்ளைப் புள்ளி நோய் வரும். அப்போது ஒரு ஹீட்டர் உதவும். மின்சாரம் போனால் ஒரு குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், காற்று கலக்கும்.

வளர்க்க முடியாமல் போனால் நெய்யாற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் ஜிலேபிக் கெண்டை என்று தின்கிற திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்கு வந்தது, இன்று எந்த நீர்நிலையை விட்டு வைத்திருக்கிறது? 2018 வெள்ளத்துக்குப் பின் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா மீன்கள் கேரள ஆற்றில் பிடிபட்டன. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கிற நண்பரிடமோ கொடுத்துவிடலாம்.

இத்தனை தேடி அலைகிறோமே, இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்டுகள் இங்கேயே இருக்கின்றன. 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன் அதிலொன்று. அதை நாம் வாழையிலையில் மட்டுமே பார்க்கிறோம். இன்னொன்று பள்ளத்தி. மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் மஞ்சள் மீன். வெளிநாட்டார் காசு கொடுத்து வாங்கி வளர்ப்பது. மூன்றடித் தொட்டியில் ஐந்தாறு வைக்கலாம். உப்பங்கழியிலும் வாழும் மீனாதலால் பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பும், பில்டரில் கொஞ்சம் கக்கா ஓடும் போதும். ஜோடி சேர்ந்துவிட்டால் தாயும் தகப்பனும் மாறி மாறி முட்டைக்குத் துடுப்பால் விசிறும். குஞ்சுகள் பெற்றோரின் மேனியைக் கொத்தி, அதில் ஊறும் வழவழப்பையே உணவாகக் கொள்ளும். அந்த நாட்களில் தொட்டியின் முன்னால் பிள்ளைகளை உட்கார வையுங்கள். விளக்கை மட்டும் திடீரென்று அணைக்க வேண்டாம், குஞ்சுகள் சிதறிப்போகும்.