ஓசோன் சிகிச்சையும் நகைக் கடனும்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட்டு வருகையில், நகை ஈட்டுக் கடன் மனுக்களில் ‘மருத்துவச் செலவு’ என்னும் காரணம் அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. அச்செலவு எந்தச் சிகிச்சைக்கு என்று கேட்பது நமது வேலையன்று. ஆயினும், புற்றுநோய்க்கு ‘ஓசோன் சிகிச்சை’ செய்துகொள்ளலாமா என்று அங்கத்தினர்கள் தாமாகவே வினவுவதுண்டு. ஆதலின் அதன் தன்மையை இங்கே விளக்குவோம்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு அணுக்கள் உள்ளன, ஓசோனில் மூன்று. இந்த மூன்றாவது அணு நிலைகொள்ளாது. அருகில் அகப்பட்ட பொருளுடன் சேர்ந்துவிடும். கிருமிகளை ஓசோன் அழிப்பது இதனாலேதான். பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரில் 1906 முதலே குடிநீரைச் சுத்தி செய்ய இதனைப் பயன்படுத்தினர். ஆனால் அதே குணம் நுரையீரலையும் புண்படுத்தும். ஆகையால் சிகிச்சையில் இதனைச் சுவாசிக்கத் தருவதில்லை. நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவை வெளியே எடுத்து, ஓசோன் கலந்த பிராணவாயுவுடன் சேர்த்து, மீண்டும் இரத்தக் குழாயில் செலுத்துவர். அல்லது ஆசனவாய் வழியாக வாயுவை ஏற்றுவர்.

‘பிராணவாயு மிகுந்த இடத்தில் புற்றுநோய் வாழாது’ என்று இதற்குக் காரணம் கூறுவோர், 1931-இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்கைச் சான்றுக்கு அழைப்பர். அவர் கண்டதோ வேறு. பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும்போதும் புற்றுநோய் உயிரணுக்கள் சர்க்கரையைப் புளிக்கச் செய்தே பெரிதும் வாழ்கின்றன என்பதே அவரது கண்டுபிடிப்பு. அப்படியிருக்க, பிராணவாயுவைக் கூட்டினால் அவை மடியும் என்று எவ்வாறு கொள்வது? ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியை ஓசோன் தடுத்ததாக 1980-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மையே. தட்டில் வளரும் உயிரணுவைக் கொல்ல வெந்நீரும் போதும். மனித உடல் தட்டு அன்று.

கதிர்வீச்சுச் சிகிச்சையால் குடலில் உண்டாகும் புண் முதலிய உபாதைகளைத் தணிக்குமா என ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் சிறு எண்ணிக்கையான நோயாளிகளிடம் ஆராய்ந்துள்ளனர். அது பக்கவிளைவு பற்றிய ஆராய்ச்சி. ஓசோன் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்றோ, ஆயுளை நீட்டிக்கும் என்றோ முறையான பரிசோதனை எதுவும் நிறுவவில்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் விதிகள் ஓசோனை நச்சு வாயு என்றே குறிப்பிடுகின்றன.

‘பெரிய வைத்தியத்தை விடச் சொல்லவில்லையே, துணையாகத்தானே’ என்பர் சிலர். கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய துணைச் சிகிச்சைகளை நாடியவர்கள் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மறுப்பது மிகுதி என்றும், அவர்களிடையே இறப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் காட்டிற்று. துணையென வந்தது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காசும் நாளும் அதில் கழிந்த பின் மருத்துவமனைக்குச் செல்வோருக்கு, கட்டி முன்னிருந்த அளவில் இராது. புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மத்திய சட்டமே தடை செய்திருக்கிறது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டுப்புறத்துக்கு இந்நோய் புதிதன்று. திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி, நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஆர் 1933-இலேயே லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது பின்னர் உறுதிப்பட்டது. தறிக்குழியில் அமர்ந்திருப்பவர்க்கும் வயல் வரப்பில் நிற்பவர்க்கும் வெற்றிலைச் செல்லம் விட்டுப் பிரியாத தோழன். ஆகவே வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. திருவனந்தபுரத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பிரிவை அணுகுக. நகையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வருமுன் இந்த அட்டை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.